சோதனைக்களம்: ‘ஃபிக்சர்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிரலைச் சோதிக்கும் முன் அமைத்து, முடிந்ததும் பழையபடி ஆக்க வேண்டிய நிலையை ஆங்கிலத்தில் ‘டெஸ்ட் ஃபிக்சர்’ என்கிறார்கள். அதைத் தமிழாக்க இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: மாதிரித் தரவு, நிலைப்பொருள், பொருத்தி, முன்னேற்பாடு. அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யக்கூடிய சொல் அல்ல இது. தரவுத்தளத்தைத் தொடும் ஒரு நிரலைச் சோதிக்கும்போது உண்மையில் என்னென்ன நடக்கிறது என்பதோடு ஒவ்வொரு சொல்லையும் ஒட்டிப் பார்க்க வேண்டும். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோதனைக்களம். சுருக்கமாக, களம். களம் அமைத்தல், களம் கலைத்தல் என்ற இரண்டு வினைகளோடும் சேர்த்தே இதை முன்வைக்கிறேன். இரண்டாவது வினைக்காகத்தான் இந்தச் சொல்லை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இணையதளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு ஒரு செருகுநிரல் (பிளகின்) எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்தாளர் வெளியிட்ட இடுகைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் செயற்கூறு (ஃபங்ஷன்) அதில் இருக்கிறது. வரைவாகக் கிடப்பவை கணக்கில் வரக் கூடாது. இதைச் சோதிக்க முதலில் ஒரு பயனரை உருவாக்க வேண்டும். அவர் பெயரில் இரண்டு இடுகைகளை வெளியிட வேண்டும், ஒன்றை வரைவாக விட வேண்டும். அதன் பிறகு செயற்கூற்றை அழைத்து, விடை 2 என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனை என்று நாம் சொல்வது அந்தக் கடைசி ஒரு வரிதான். அதற்கு முன்னால் செய்தது எல்லாம் ஃபிக்சர்.

இதே தொகுப்பில், தளத்தில் மொத்தம் எத்தனை இடுகைகள் இருக்கின்றன என்று பார்க்கும் இன்னொரு சோதனையும் இருக்கலாம். முதல் சோதனை தான் உருவாக்கிய இடுகைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனால், அவை இரண்டாவதன் கணக்கில் ஏறிவிடும். தனியாக ஓட்டினால் தேறுகிற சோதனை, தொகுப்போடு சேர்த்து ஓட்டினால் தோற்கும். வரிசையை மாற்றினால் மறுபடியும் தேறும். இப்படிப்பட்ட சோதனையை யாரும் நம்பமாட்டார்கள். அது தோற்கும்போதெல்லாம் ‘இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம்’ என்று பழகிவிட்டால், உண்மையான பிழை வரும்போதும் அதையேதான் சொல்வோம். ஆகவே ஃபிக்சர் என்ற கருத்தில் பாதி, சோதனை முடிந்த பிறகு வருகிறது. நம் சொல்லும் அந்தப் பாதியைத் தாங்க வேண்டும்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

‘மாதிரித் தரவு’ என்பது எல்லாருக்கும் உடனே புரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபிக்சர் தரவு மட்டும் அல்ல. வேர்ட்பிரஸின் சோதனைத் தொகுப்பில் எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படையாக இருக்கும் நிரல் வகுப்பை (கிளாஸ்) திறந்து பாருங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் அது கவனிக்கும் பட்டியல் நீளமானது. தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனையை, அதாவது மொத்தமாக உறுதிசெய்யவோ மொத்தமாகக் கைவிடவோ கூடிய மாற்றங்களின் தொகுப்பை, தொடங்குகிறது. நினைவகத்தில் தங்கியிருக்கும் தற்காலிகச் சேமிப்பைத் துடைக்கிறது. கொக்கிகளில் (செருகுநிரல்கள் தங்கள் செயற்கூறுகளை மாட்டும் இடங்களில்) எந்தெந்தச் செயற்கூறுகள் மாட்டப்பட்டிருந்தன என்று குறித்து வைத்துக்கொண்டு, சோதனை முடிந்ததும் பழையபடி மாட்டுகிறது. உள்நுழைந்த பயனர் யாரும் இல்லை என்ற நிலைக்குத் திருப்புகிறது. சோதனையின்போது பதிவேற்றப்பட்ட கோப்புகளை நீக்குவதற்கும் அதில் வழி இருக்கிறது.

தற்காலிகச் சேமிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மாதிரித் தரவு’ என்ற சொல் ஆளை ஏமாற்றிவிடும் இடம் அதுதான். ஒரு சோதனை, தளத்தின் அமைப்புகளில் ஒன்றை மாற்றுகிறது. முடிந்ததும் தரவுத்தளத்தில் அந்த மாற்றம் நீங்கிவிடுகிறது, அட்டவணையில் பழைய மதிப்பே இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பின் நகல் ஒன்று, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் நினைவகத்திலும் இருக்கிறது. அங்கே புதிய மதிப்புதான். அடுத்த சோதனை அமைப்பைக் கேட்டால், வேர்ட்பிரஸ் தரவுத்தளத்துக்குப் போகாமல் நினைவகத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். தரவு சரியாக இருந்தும் சோதனை தோற்கும். ஃபிக்சரை ‘தரவு’ என்று கற்றுக்கொண்ட ஒருவர் இந்தப் பிழையை அட்டவணைகளுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பார். சொல்லே அவரைத் தவறான அறைக்கு அனுப்பிவிடுகிறது.

‘நிலைப்பொருள்’, ‘பொருத்தி’ இரண்டும் ஆங்கிலச் சொல்லின் பட்டறைப் பொருளிலிருந்து வருபவை. கடைசல் வேலையிலும் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிப்பதிலும் பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டகத்துக்கு ஃபிக்சர் என்று பெயர். வன்பொருளிலிருந்து மென்பொருளுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. பட்டறையில் அது கண்ணுக்குத் தெரியும் இரும்பு. நம்மிடம் பிடித்து வைக்க எந்தப் பொருளும் இல்லை. ‘பொருத்தி’ என்று படிக்கிறவருக்கு அது இரண்டு பாகங்களை இணைக்கும் ஏதோ ஒரு கருவி என்றுதான் தோன்றும். மூலச்சொல்லின் வரலாறு நமக்குச் சுவையானது, ஆனால் நம் வாசகர் அந்த வழியாக வரவில்லை.

‘முன்னேற்பாடு’ நல்ல தமிழ், புதிதாக ஆக்க வேண்டியதும் இல்லை. களம் என்ற சொல் இல்லாவிட்டால் நான் இதற்குத்தான் வாக்களிப்பேன். இரண்டு குறைகள்: முதலாவது, முன்னேற்பாடு செயலைக் குறிக்கிறது. அந்தச் செயலால் கிடைக்கும் நிலையைக் குறிக்க வேறொரு சொல் தேட வேண்டியிருக்கும். ‘இந்தச் சோதனை எந்த முன்னேற்பாட்டின் மேல் ஓடுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், வாக்கியம் ஒட்டவில்லை. ‘எந்தக் களத்தில் ஓடுகிறது?’ என்று கேட்டால் தடையே இல்லை. இரண்டாவது குறை பெரியது. முன்னேற்பாட்டைக் கலைப்பது என்றால் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள்படும். முடிந்த பிறகு இடத்தைப் பழையபடி ஆக்குவதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

களம் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் ஓடுகிறது என்று பாருங்கள். ஏர்க்களம், போர்க்களம், ஆடுகளம். ஒரு குறிப்பிட்ட செயலுக்காக வகுத்துச் செம்மைப்படுத்திய இடம். செயல் தொடங்கும் முன் அது எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கலைத்தல் என்ற வினையும் அப்படியே. வேடத்தைக் கலைக்கிறோம், பழைய முகம் வெளியே வருகிறது. கூட்டம் கலைகிறது, தெரு தெருவாகிறது. கட்டியதை அழித்தல் என்ற வன்மை இதில் இல்லை, முன்பு இருந்ததற்குத் திரும்புதல் என்ற குறிப்பு இருக்கிறது. சோதனை முடிந்ததும் ஃபிக்சரை அகற்றும் ‘டியர்டவுன்’ என்பதற்கு ஒருவர் ‘இடித்தகற்றல்’ என்று எழுதியிருந்தார். அதைவிடக் கலைத்தல் மென்மையாகவும் துல்லியமாகவும் இருக்கிறது.

கலைப்பதுதான் கடினமான வேலை என்பதை நிரலாளர்கள் அறிவார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

வேர்ட்பிரஸ் பின்பற்றும் முறை இது: சோதனை தொடங்கும் முன் ஒரு பரிவர்த்தனையைத் திறக்கிறார்கள். சோதனை எழுதும் எல்லாம் அதற்குள் நடக்கின்றன. முடிந்ததும் அதை உறுதிசெய்யாமல் விட்டுவிட, தரவுத்தளம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான சோதனைகள் ஓடும் தொகுப்பில், அட்டவணைகளை ஒவ்வொரு முறையும் காலி செய்து நிரப்புவதைவிட இது மிக வேகமானது. ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது: வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான மைசீக்வலில் அட்டவணையை உருவாக்கும் கட்டளை ஒன்று வந்தால், அதுவரை திறந்திருந்த பரிவர்த்தனை கேட்காமலேயே உறுதிசெய்யப்பட்டுவிடும். சொந்த அட்டவணை வைத்துக்கொள்ளும் செருகுநிரல்கள் ஏராளம். அவற்றைச் சோதிக்கும்போது களம் நடுவிலேயே உறைந்துவிடும். இதைத் தடுக்க, வேர்ட்பிரஸின் சோதனைத் தொகுப்பு அட்டவணையை உருவாக்கும் ஒவ்வொரு கட்டளையையும் வழிமறித்து, தற்காலிக அட்டவணையை உருவாக்கும் கட்டளையாக மாற்றி அனுப்புகிறது. அழகான தீர்வு, ஆனால் விலை இருக்கிறது. தற்காலிக அட்டவணை மைசீக்வலின் அட்டவணைப் பட்டியலில் தெரியாது. ஆகவே ‘செருகுநிரலை நிறுவியதும் அட்டவணை உருவாகிவிட்டதா?’ என்று பட்டியலைப் பார்த்துச் சோதிப்பவருக்கு ‘இல்லை’ என்றே பதில் வரும், அட்டவணை அங்கே இருந்தும். தவிர, ஒரே வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) தற்காலிக அட்டவணை ஒன்றை இரண்டு முறை குறிப்பிட மைசீக்வல் அனுமதிக்காது. அட்டவணையைத் தன்னோடே இணைத்துப் பார்க்கும் வினவல் உண்மையான தளத்தில் ஓடும், சோதனையில் பிழை காட்டும்.

அடுத்தது, தானாக ஏறும் எண்கள். பரிவர்த்தனை மறைந்தாலும் அதற்குள் செலவான எண்கள் திரும்பி வருவதில்லை. முதல் சோதனையில் இடுகைகள் 5, 6, 7 என்ற எண்களைப் பெற்றிருந்தால், அவை மறைந்த பிறகும் அடுத்த சோதனையின் முதல் இடுகைக்கு 8 என்ற எண்தான் கிடைக்கும். ‘இடுகை எண் 5’ என்று நேராக எழுதி வைத்த சோதனை அங்கே விழும். உருவாக்கும்போது கிடைக்கும் எண்ணை ஒரு மாறியில் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்துவதுதான் சரியான வழி.

மூன்றாவது, மைசீக்வலின் பழைய சேமிப்பு முறையான மைஐசாம் வகை அட்டவணைகளுக்குப் பரிவர்த்தனை என்பதே கிடையாது. மைசீக்வல் 5.5 முதல், பரிவர்த்தனையை ஏற்கும் இன்னோடிபி முறை இயல்பிருப்பாகிவிட்டதால் இந்தத் தொல்லை இன்று அரிது. பழைய தளங்களைப் பெயர்த்துக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் கவனித்தால் போதும்.

இவ்வளவும் கலைத்தலின் கதை. ‘முழுமையாகக் கலையாத களம்’ என்று இந்த மூன்றையும் ஒரே தொடரில் சொல்லிவிட முடிகிறது. ‘முழுமையாக நீங்காத மாதிரித் தரவு’ என்று சொன்னால் அந்த எண் ஓட்டை வெளியே நிற்கும், ஏனென்றால் அங்கே நீங்காமல் இருப்பது தரவு அல்ல.

வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு தள மென்பொருளான ட்ரூபலுக்கு இந்தச் சொல் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அங்கே முறையே வேறு. ட்ரூபல் பரிவர்த்தனையை நம்புவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் தனி முன்னொட்டு வைத்த அட்டவணைகளை உருவாக்கி, முடிந்ததும் அவற்றை நீக்குகிறது. உலாவி வழியாக நடக்கும் சோதனை என்றால், ஒவ்வொரு முறையும் ட்ரூபல் தளம் ஒன்றையே முழுதாக நிறுவுகிறது. அதனால்தான் அவை மெதுவாக ஓடுகின்றன. முழுத் தளத்தையும் நிறுவாமல் நடக்கும் கருநிலைச் சோதனைகளில் (கெர்னல் டெஸ்ட்) நேர் எதிர்: சோதனை எழுதுகிறவர் எந்த நிரற்கூறுகள் (மாட்யூல்) வேண்டும், எந்த அட்டவணைகள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கேட்காத அட்டவணை இருக்காது. ‘அட்டவணை இல்லை’ என்ற பிழையோடு சோதனை நின்றால், களத்தில் வைக்க வேண்டிய ஒன்றை வைக்கவில்லை என்று பொருள். வேர்ட்பிரஸ் ஒரே களத்தைத் திரும்பத் திரும்பக் கலைத்து அமைக்கிறது. ட்ரூபல் ஒவ்வொரு முறையும் புதுக்களம் அமைக்கிறது. இரண்டு முறைகளின் வேறுபாட்டை ஒரே சொல்லை வைத்து இப்படிச் சொல்ல முடிவது எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது எதிர்ப்புகள். முக்கியமான எதிர்ப்பு ஒன்றுதான், அது வலுவானது.

> களம் ஏற்கெனவே பல பொருளில் இருக்கிறது. தரவுக்களம் என்று தரவுத்தளத்தையே சொன்னவர்கள் உண்டு. ஆள்களம் (டொமைன்) இருக்கிறது. இதில் இன்னொன்றா?

தரவுத்தளம் என்ற வடிவம் இன்று நிலைபெற்றுவிட்டது. நாம் பார்க்கும் கோப்புகளில் தரவுக்களத்தை நான் காண்பதில்லை. ஆள்களம் எப்போதும் கூட்டுச்சொல்லாகவே வருகிறது, தனியே களம் என்று சுருங்குவதில்லை. புலம் என்ற சொல் அட்டவணையின் உள்ளீட்டுப் பகுதிக்கு உறுதியாகிவிட்டது. ஆகவே சோதனை பற்றிய ஆவணத்துக்குள் களம் என்று வந்தால் குழப்பம் நேராது. நிரல் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். கணினியில் அது நாம் எழுதும் கட்டளைத் தொகுப்பு. அணிக்கோவையில் நிரை, நிரல் என்று சொல்லும்போது மேலிருந்து கீழே இறங்கும் அடுக்கு. தரவுத்தளம் பற்றி எழுதும்போது இந்த இரண்டு பொருளும் ஒரே பத்தியில் மோதுகின்றன. அந்த மோதலோடு ஒப்பிட்டால் களத்தின் மோதல் சிறியது.

ஆனால் ஓரிடத்தில் எதிர்ப்பாளர் சொல்வது சரி. ‘களத்தரவு’ என்ற கூட்டுச்சொல்லை ஆக்கவே கூடாது. அது நேரில் போய்த் திரட்டிய ஆய்வுத் தகவல் என்ற பொருளில் ஆழமாக ஊன்றிவிட்டது. களத்தில் முன்கூட்டி இடும் தரவைத் ‘தொடக்கத் தரவு’ என்று விட்டுவிடலாம். அது களத்தின் ஒரு பகுதி. மாதிரித் தரவு என்று முன்மொழிந்த நண்பர் மனத்தில் கொண்டிருந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் சொல்லுக்கும் இங்கே இடம் இருக்கிறது.

‘சோதனைச் சூழல் என்று ஏற்கெனவே இருக்கிறதே’ என்ற கேள்விக்கு: சூழல் வேறு, களம் வேறு. பிஎச்பியின் எந்தப் பதிப்பு, தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்பவை சூழல். தொகுப்பு முழுவதும் அது மாறுவதில்லை. களம் ஒவ்வொரு சோதனைக்கும் அமைந்து கலைகிறது. இந்த வேறுபாட்டை ஆவணத்தில் அழுத்திச் சொல்ல வேண்டிய காரணம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸின் சோதனைத் தொகுப்பு தொடங்கும்போது, தனக்குக் காட்டிய தரவுத்தளத்தில் அட்டவணைகளை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் தளத்தின் தரவுத்தளத்தை அங்கே குறிப்பிட்டால் அத்தனையும் போய்விடும். மாதிரி அமைவுக் கோப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. அதைத் தமிழாக்கும்போது ‘இந்தத் தரவுத்தளம் சோதனைக்களமாக மட்டுமே பயன்பட வேண்டும், இதில் உள்ளவை அனைத்தும் அழிக்கப்படும்’ என்று எழுதலாம். படிப்பவர் ஒரு கணம் நின்று கவனிப்பார்.

களத்தின் வகைகளுக்கும் சொல் எளிதாகக் கிளைக்கிறது. ஒரு வகுப்பில் உள்ள பத்துச் சோதனைகளுக்கும் அதே பயனர்கள் வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் புதிதாக உருவாக்குவது வீண். வகுப்புக்கு ஒரு முறை அமைத்துவிட்டு எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள். இதற்குப் பகிர்களம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக இயல்பாக அமைகிறது. வேர்ட்பிரஸில் பகிர்களம் பரிவர்த்தனைக்கு வெளியே உறுதிசெய்யப்படுகிறது என்பதால், ஒரு சோதனை அதை மாற்றினாலும் அடுத்ததற்குப் பழையபடியே கிடைக்கும். ஆனால் பிஎச்பியில் அந்தப் பயனரைக் குறிக்கும் பொருள் நினைவகத்தில் இருக்கும் அல்லவா, அதை மாற்றினால் மாற்றம் தங்கிவிடும். பகிர்களத்தில் எண்ணை மட்டும் பகிருங்கள், பொருளைப் பகிராதீர்கள் என்பது என் அறிவுரை.

அடுத்து ‘ரோல்பேக்’, அதாவது பரிவர்த்தனையை உறுதிசெய்யாமல் விடுவது. இது தனி இழைக்கு உரியது என்றாலும், களம் கலைத்தலை விளக்க இது இல்லாமல் முடியாது. ‘பின்சுருட்டல்’ என்பது ஆங்கிலத்தின் உருவத்தை அப்படியே பெயர்த்தது. தமிழில் பாயைச் சுருட்டுவோம், பரிவர்த்தனையைச் சுருட்டுவதில்லை. ‘மீட்டல்’ என்றால் காப்புநகலிலிருந்து மீட்பதோடு குழம்பும். நான் எழுதும் குறிப்புகளில் உறுதிசெய்தல், கைவிடுதல் என்ற இணையைப் பயன்படுத்துகிறேன். ‘பரிவர்த்தனை உறுதிசெய்யப்பட்டது’, ‘பரிவர்த்தனை கைவிடப்பட்டது’. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் இரண்டாவது வாக்கியம் புரியும்: திட்டம் கைவிடப்பட்டது என்று நாள்தோறும் படிக்கிறோம். மாற்றங்கள் எதுவும் நிலைபெறவில்லை என்ற பொருள் அதிலேயே வந்துவிடுகிறது.

சோதனையில் உண்மையான பகுதிக்குப் பதிலாக வைக்கும் போலியான ‘டெஸ்ட் டபுள்’ பற்றிச் சுருக்கமாக. அந்த ஆங்கிலத் தொடர் சண்டைக்காட்சியில் நடிகருக்குப் பதிலாக நிற்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பதிலி என்பது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் பதிலியைக் களத்துக்கு மாற்றாக ஆவணத்தில் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தரவுத்தளத்துக்குப் பதிலாக ஒரு பதிலியை வைத்து, ‘இந்த வினவல் வந்தால் 2 என்று சொல்’ என்று கற்றுக்கொடுத்துச் சோதித்தால், வரைவுகளைத் தவிர்க்கும் நிபந்தனையை வினவலில் எழுதத் தவறியிருந்தாலும் சோதனை தேறிவிடும். பிழை வினவலுக்குள் இருக்கும்போது, வினவலை ஓட்டிப் பார்க்காத சோதனையால் பயன் இல்லை. அஞ்சல் அனுப்புதல், வெளித்தளங்களை அழைத்தல் போன்றவற்றுக்குப் பதிலி சரி. தரவுத்தளத்துக்கு, உண்மையான தரவுத்தளத்தின் மேல் அமைத்த களமே வேண்டும். வேகத்துக்காக நினைவகத்தில் இயங்கும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தைப் பயன்படுத்தலாமே என்றால், ட்ரூபல் அதை ஏற்கிறது, ட்ரூபலின் தரவுத்தள அடுக்கு பல தரவுத்தளங்களோடும் இயங்குவதற்காகவே எழுதப்பட்டது. மைசீக்வலுக்கே உரிய தொடர்களை வினவலில் எழுதிய செருகுநிரலுக்கு அது ஒத்துவராது.

நிரலில் வரும் குறிப்புரைகளில் இந்தச் சொற்கள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க, மேலே சொன்ன எடுத்துக்காட்டையே எழுதிப் பார்த்தேன்:

களம்: ஓர் எழுத்தாளர், வெளியான இடுகைகள் இரண்டு, வரைவு ஒன்று.
சோதனை: வெளியானவற்றின் எண்ணிக்கை 2 ஆக இருக்க வேண்டும்.
களம் கலைத்தல்: பரிவர்த்தனையைக் கைவிடு, தற்காலிகச் சேமிப்பைத் துடை.

எனக்கு இது தடையில்லாமல் படிக்கிறது. உங்கள் திட்டங்களில் உள்ள ஒரு சோதனைக் கோப்பை எடுத்து இதேபோல் எழுதிப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று வாக்கியத்தோடு காட்டினால் விவாதிக்க எளிதாக இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. சோதனைக்காக இடுகைகளையும் பயனர்களையும் கேட்டவுடன் உருவாக்கித் தரும் ‘ஃபேக்டரி’க்கு என்ன சொல்வது? ‘தொழிற்சாலை’ வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். ‘உருவாக்கி’ என்றால் நிரல் எழுதுபவரையே குறிப்பதாகத் தோன்றுகிறது, தவிர அது வினையெச்சமாகவும் படிக்கப்படும்: ‘இடுகை உருவாக்கி அழைத்தது’ என்ற வாக்கியத்தில் யார் எதைச் செய்தார் என்று தெரியவில்லை. ‘வார்ப்பான்’ என்று ஒரு சொல் மனத்தில் இருக்கிறது. ஆனால் வார்ப்புரு ஏற்கெனவே தளத்தின் தோற்றத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் தயங்குகிறேன். இதற்கு உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.